நாலு விரல் இடம்

காலை ஐந்தேகாலுக்கு
கம்பம்மெட்டு ரோடு முக்கில் ஜீப் நின்றது.
உள்ளே பதினாறு பேர் ஏற்கெனவே.
பதினேழாவதாக ஏறியவள் இன்பராணி.

பேச்சு அறுந்தது.
எல்லாக் கண்ணும் டார்ச் மாதிரி என் மேல்.
குபேந்திரன் என் வீட்டிலிருந்து
இரண்டு லுங்கியையும் சவரப் பெட்டியையும்
எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கு நாற்பத்தோரு நாள்.
எந்த வீட்டுக்கு என்று
ஜீப்புக்கே தெரியும்.

கை எழுந்துவிட்டது.
ஏலச்செடித் தூரில் குனிந்து குனிந்து
காய் திருகிக் கறுத்த நகம்.
அவள் கொண்டையின் அளவு அதற்குத் தெரியும்,
எத்தனை சுற்றுச் சுற்றினால் எவ்வளவு கையோடு வரும் என்று.
அந்த எண்ணெய் வாசத்தைத்தான்
அவன் சட்டைக் காலரில் நான்
மூன்று மாசம் துவைத்தது.

எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.
ஏழாவது வளைவில் பனி இறங்கி மூடும்போது
லைட்டைக் கூட்டத்தான் எவனுக்கும் தோன்றும்.
சிக்கந்தர் குறைப்பான்.
கூட்டினால் எதிரே வெள்ளைச் சுவர்.
குறைத்தால்
முன்சக்கரத்துக்கு வேண்டிய அளவு ரோடு.

நகர்ந்து உட்கார்ந்தேன்.
நாலு விரல் இடம்.
அவள் உட்கார்ந்தாள்.
பின்னால் யாரோ "ச்சீ" என்றார்கள்,
எனக்கா அவளுக்கா தெரியாது.

நான் மன்னித்துவிட்டேன் என்று எவளாவது சொன்னால்
அவள் வாயில் சாணியை அப்புவேன்.
என் கோபத்தில் ஒரு பொய்யும் கிடையாது.
அதை மடியில் கட்டிக்கொண்டு இந்த மலை ஏறமுடியாது.
இறங்கி நடந்தால் ஒரு நாள் கூலி,
மகன் ஹாஸ்டல் பீஸில் ஓட்டை.

மறுநாளும் நகர்ந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.
அது நகர்ந்த கணக்கில் வராது என்று
மூன்றாம் நாள் தெரிந்தது,
தாடை வலித்து ஒரு கடலை மெல்ல முடியாதபோது.
பல்லையும் விடவேண்டும்.
தோளை இறக்கவேண்டும்.
மடியில் முஷ்டியாகக் கிடக்கும் கையை
மல்லாத்திப் போடவேண்டும், பிச்சை கேட்கிறவள் மாதிரி.
கொண்டையைப் பிடிப்பது
இதைவிட எவ்வளவோ லேசு.

ஒரு வெள்ளிக்கிழமை தோற்றேன்.
இறங்குகிற சாக்கில்
அவள் தூக்குவாளியைக் காலால் தள்ளினேன்.
புளிச்சோறு செம்மண்ணில்.
மத்தியானம் என் சோறும் எனக்கு இறங்கவில்லை.
சனிக்கிழமை மறுபடி நாலு விரல்.

ஆவணி மழை.
வண்டன்மேட்டு அட்டைகளுக்கு விருந்து.
சரிவில் எனக்கு முந்தின வரிசையில் குனிந்திருந்தவள்
பின்கழுத்தில், கொண்டைக்குக் கீழே,
பருத்துத் தொங்கியது ஒன்று.
அவளுக்குத் தெரியவில்லை.
பேசாமல் இரு என்றது
உச்சி முதல் உள்ளங்கால் வரை எனக்குள் எல்லாம்.

"அசையாதே" என்றேன்.
இத்தனை நாளில் அவளிடம் சொன்ன முதல் சொல்.

பெருமாயி சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பு.
அட்டையைப் பிய்க்கக் கூடாது.
பிய்த்தால் வாய் உள்ளேயே நின்றுவிடும்,
மாசக்கணக்கில் ஊறும் புண்.
தொட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கணும்.

இடது கையால்
கொண்டையை ஒதுக்கிப் பிடித்தேன்.
ஆமாம், பிடித்தேன்.
கை இத்தனை நாளாகக் கேட்ட அதே கொண்டை.
ஈரம். ஒரு நரைமுடி.

சுருண்டு விழுந்தது அட்டை.
"ரத்தம் வருதா?"
"கொஞ்சம்."
அவள் திரும்பவில்லை. நான் நிற்கவில்லை.
கங்காணி மலையாளத்தில் என்னவோ கத்தினான்.

சாயங்காலம் செக்போஸ்ட் தாண்டி இறக்கத்தில்
யாரும் எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து
சோறு வடிக்கும்போதுதான் கை நடுங்கியது.
கொதிகஞ்சி முழங்கையில் கொட்டியது.
கத்தினேன்,
தெருக்கோடி வீடுவரை கேட்கிற மாதிரி,
கஞ்சிக்கு வேண்டியதைவிட
ரொம்ப நேரம்.