இருபது வரை

பழைய குளிசையில் கால் வீங்கியது.
பின்னேரம் செருப்பைக் கழற்றினால்
வார் இருந்த இடத்தில் பள்ளம்,
கயிறு கட்டி அவிழ்த்த மரம்போல்.
பெருவிரலால் அழுத்தினால் குழி விழும்,
குழி நிரம்ப நேரமெடுக்கும்.
உவர்மலை ஏற்றத்தில் வீடு வீடாய்
மீட்டர் பார்த்துத் திரிகிறவனுக்கு
இது சரிவராது என்றார் டொக்டர்.
கிளினிக் கொப்பியில் ஒரு பெயரை வெட்டி
இன்னொரு பெயர் எழுதினார்.
காகித உறையில் கிறுக்கிய எழுத்து:
விடிய ஒன்று.

கால் வற்றியது.
செருப்பு வார் பழைய துளைக்கு வந்தது.
பிறஷர் நூற்றி முப்பத்திரண்டுக்கு எண்பத்திநாலு.
அந்த மாதம் நான் வாசித்த இலக்கங்களில்
அதுதான் நல்ல இலக்கம்.

மூன்றாம் கிழமை தொண்டையில் ஒரு இறகு.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
வரண்ட இருமல்.
மல்லி அவித்தோம். சுக்குத் தட்டினோம்.
கற்பூரவள்ளியை வாட்டிச் சாறெடுத்தாள் தவமலர்.
எதற்கும் அது மசியவில்லை.
பாலையூற்றில் ஒரு வீட்டுக்காரி
கதவை ஒருசாண் மட்டும் திறந்து
தண்ணீர் நீட்டினாள், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.
நாலு, ஏழு, இருமல்,
திரும்ப நாலு.
ஒருதரம் ஒரு வீட்டுக்கு
ஆயிரம் அலகு கூட எழுதிவிட்டு
அடுத்தநாள் போய்த் திருத்திக் கொடுத்தேன்.

இரவில் மோசம்.
நான் படுத்தால் தொண்டை விழித்துக்கொள்ளும்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மான்கள்
ஒழுங்கை முனையில் பழத்தோல் தேடும் நேரம்.
என் இருமலுக்குத் தலை தூக்கி நிற்கும்,
தங்கள் கூட்டத்தில் ஒன்று
ஆபத்துச் சொல்கிறதென்று.
ஒரு மாதத்தில் அவற்றுக்குப் பழகிவிட்டது.
தவமலருக்குப் பழகவில்லை.

சிகரெட்டை விட்டு எட்டு வருடம்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தோய்க்கப் போட்ட சேட்டை எடுத்து
பொக்கற்றில் மூக்கை வைப்பதை
கிணற்றடிக் கண்ணாடியில் கண்டேன்.
சத்தியம் பண்ணலாம், கோணேசரைத் தொட்டு.
ஆனால் விட்ட முதல் வருடத்திலேயே
மூன்று தரம் பொய்ச்சத்தியம் பண்ணினவன் நான்.
வாயைத் திறந்தேன்.
இருமல்தான் வந்தது.

அடுத்த கிளினிக். முப்பத்தொன்பதாம் நம்பர்.
குளிசை கொடுக்கும் யன்னலுக்குள் நுஸ்கியா என்றொரு பிள்ளை,
உறையை நீட்டாமல் என்னையே பார்த்தாள்.
"எப்ப இருந்து இந்த இருமல்?"
"ரெண்டு மாதம் வரும்."
"குளிசை எப்ப மாத்தினது?"
ஊரின் அலகுகளைக் கூட்டிக் கழிக்கிறவன்,
இந்த இரண்டு திகதியையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.
"டொக்டரிட்டத் திரும்பப் போங்கோ.
நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ."

தவமலர் பக்கத்தில் நின்றாள்.
கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.
பஸ்ஸில் யன்னல் பக்கத்தை எனக்கு விட்டாள்.
வேறு மன்னிப்பு எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

மூன்றாவது குளிசை.
இருமல் உடனே போகவில்லை,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சொந்தக்காரன்போல்
இன்னும் மூன்று கிழமை நின்றது.
சீனன்குடாவில் ஒரு சைக்கிள் கடை மீட்டரை
ஒரே மூச்சில் வாசித்து முடித்தபோதுதான்
போய்விட்டதென்று தெரிந்தது.

இப்போது தலைசுற்று.
சட்டென்று எழுந்தால்
சுவர் ஒரு அடி தள்ளிப்போய் நிற்கிறது.
கட்டில் விளிம்பில் இருந்து
இருபது எண்ணிவிட்டு எழும்பச் சொன்னார் டொக்டர்.
எண்ணுகிறேன்.
ஐந்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது.
பதினொன்றில் மீன்காரனின் மோட்டார்சைக்கிள்.
பதினாலில்
வாளியில் போடமுன் என் சேட்டை
தவமலர் இன்னும் ஒருதரம் மணந்து பார்க்கிறாள்.
பார்க்கட்டும்.
பதினைந்து.