தாழ்ப்பாள்

குவாசகேலேயில்
இரண்டு சரக்குப் பெட்டகங்களைப் பற்றவைத்து
நடுவில் தகரம் போட்டால்
அதற்குப் பெயர் கலை மையம்.
மாரிம்பாவில் ஒரு கட்டை இல்லை.
அந்தச் சுரம் வரும்போது
பிள்ளைகள் தரையை மிதிக்கிறார்கள்.

காலாண்டு அறிக்கை கேட்கிறது:
பயனடைந்தோர் எத்தனை பேர்? எவ்வகையில்?
மின்சாரம் போய்விட்டது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் தோபெகா எழுதுகிறாள்.
ஓவியம், முப்பத்தொன்று.
கணக்குப் பாடம், பதினேழு.
மதிய ரொட்டி, எண்ணவில்லை;
தீர்ந்துபோனது, அவ்வளவுதான் தெரியும்.

வுயெல்வா எந்த வகுப்பிலும் இல்லை.
நாலு மணிக்கு வருவாள், பேசமாட்டாள்,
நேரே கழிப்பறைக்குப் போவாள்.
இந்தத் தெருவிலேயே
உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரே கழிப்பறை.
தாழ் விழும் சத்தம் கேட்கும்.
பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது.
யாரும் தட்டுவதில்லை,
தூரிகை கழுவ நிற்கும் பொடிசுகள்கூட.

போன வாரம் திருகாணி கழன்றது.
போன வேகத்தில் வெளியே வந்தாள்,
வந்த வழியே நடந்தாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் காலையே வாங்கியாயிற்று,
பித்தளை, எண்பத்தைந்து ராண்ட்.
ரசீதை
'இசைக்கருவிகள்' பக்கத்தில் ஒட்டுகிறாள் தோபெகா.
தணிக்கைக்காரர் கேட்டால்
நாலு மணிக்கு வந்து கேட்கட்டும்.