பதினாறு அடி

லீசிங் கடிதம் வரமுன்
வெள்ளவத்தை மாடிவீட்டின் கார் தரிப்பிடத்தில்
சோக்கால் கரவன் கீறினோம்.

இது அடுப்பு. இது மேசை,
மடித்தால் இரவில் கட்டில்.
இல்லாத மேல்தட்டுக்கு
இல்லாத ஏணியில் ஏறிக் காட்டினான் மிதுஷன்.

அபிஷாவுக்குப் பதினைந்து வயது.
"எனக்கொரு கதவு வேணும்."
கதவுக்கு இரண்டடி, எங்கே எடுப்பது?
இவர் என்னைக் கேளாமல் அடுப்பைச் சுருக்கினார்.
நான் அதை அழித்து
இவரின் கட்டிலில் எடுத்தேன்.

இருபதடி என்றால் எல்லாருக்கும் இடம்.
ஆனால் எங்கள் ஒழுங்கை முடக்கில்
தண்ணி பவுசரே மூன்று தரம் பின்னுக்கு எடுக்கும்.

கோட்டுக்குள் நாலு பேரும் படுத்துப் பார்த்தோம்.
கரையோர ரயில் போக
முதுகில் தரை அதிர்ந்தது.
"வெளிக்கிட்டாச்சு" என்றான் மிதுஷன்.

விடிய, காவலாளி சோமபால
ஐந்தாம் மாடிக்காரரின் காரை
கோடு மிதிக்காமல்
சுற்றி எடுக்கச் சொன்னாராம்.