முதிரைத் தூள்

புதன்கிழமை, மாஞ்சோலை ஆஸ்பத்திரி, தோல் கிளினிக்.
எழுபத்தி மூன்றாம் துண்டு.
"இந்திரவதனி, என்ன சாப்பிட்டனீர்?"
நண்டு விட்டேன், கணவாய் விட்டேன்,
கத்தரிக்காய், அன்னாசி, கருவாடு.
விடுவதற்கு இனிச் சோறுதான் மிச்சம்.
"வேலை?"
ஒட்டுசுட்டான் மரக்காலையில்
கட்டிலுக்கும் கதவுக்கும் அரத்தாள் போடுவது.
"என்ன மரம்?"
ஆறு மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

முதிரை, டொக்டர்.
தக்கைபோல் வெடித்த மஞ்சள் பட்டை,
ஈர்க்கின் இரு கரையும் நெருங்கிய சிற்றிலை,
கோடை முற்றினால் ஒன்றும் மிஞ்சாது.
நுனிக் கொப்பில் வெண்மஞ்சளாய்ப் பொடிப்பூ.
காய் காய்ந்தால் மூன்றாகப் பிளக்கும்.
"இலையைக் கசக்கி மணந்திருக்கிறீரா?
தேசிக்காயும் விளாத்தியும் கறிவேப்பிலையும்
இதுக்குச் சொந்தக்காரர்" என்றபடி
என் முழங்கையைத் திருப்பினார்.
தடித்த தோலில் நகக்கோடுகள்.

அரிந்த மரம் அரிக்கிறது.
அரிந்தவனையல்ல.
வாள் பிடிக்கும் நவகீதன்
அதே தூளில் குளித்து, அதே தூளோடு சோறுண்கிறான்,
ஒரு பருவும் இல்லை.
எனக்கோ கண்ணிமை வீங்கி
காலையில் உலகம் ஒரு கீற்று.

குத்திக்குள் சன்னம் கிடக்குதோ என்று
தடவிப் பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறார்
முதலாளி சத்தியகீர்த்தி.
வாளின் பல் உடைந்தால் நட்டமாம்.
தூளுக்குக் கருவி இல்லை.
கடிதத்தை வாசித்தார்.
"மாஸ்க் போடும், நீட்டுக்கை சட்டை போடும்"
என்றார்.
"முதிரை இல்லாமல் இங்க என்ன வேலை, பிள்ளை?"
அதுவும் உண்மைதான்.
மெருகேறினால் பட்டுச்சேலையை மடித்து வைத்ததுபோல்
அலையோடும் பலகை;
கலியாண வீட்டார் வேறொன்றைத் தொடமாட்டார்கள்.
நானும்தான் அந்த மினுக்கத்தைக்
கையுறை கழற்றித் தடவியிருக்கிறேன்,
யாரும் பாராதபோது.

கரிப்பட்டமுறிப்பில் பஸ் இறங்கி
சைக்கிளை எடுக்கப் போனால்
சாத்தி வைத்ததும் ஒரு முதிரையில்.
முதுகைப் பட்டையில் கொடுத்து நின்றேன், வேண்டுமென்றே.
கால்மணி நேரம்.
ஒன்றும் செய்யவில்லை.

காற்று ஒருதரம் உலுக்க
களிம்பு பூசிய கையில் விதையொன்று வந்து ஒட்டியது.
பிய்த்துப் பார்த்தேன்.
ஒரு பக்கம்தான் சிறகு.