கழித்தல் குறி

கத்தரி வெயிலின் ஆறாம் நாள்
மேம்பாலத்தை அளக்க டேப்போடு போனேன்.
சத்துவாச்சாரிக்குச் சற்று முன்னால்.
கீழே ஆறு வழிச்சாலை,
பெங்களூர்ப் பக்கம் போகும் லாரிகள்.
மேலே எங்கள் தெரு,
விழுந்துவிடாமல் அக்கரைக்குக் கைநீட்டியபடி.

வரைபடத்தில் நடைபாதை ஒன்றரை மீட்டர்.
விளக்குக் கம்பம் தின்றது போக,
கேபிள் பெட்டி தின்றது போக,
போன வருடத்து ‘வருக வருக’ பலகை மறித்தது போக
நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.
குடம் போகலாம்.
குடத்தை இடுப்பில் வைத்திருப்பவள் போக முடியாது.

ஆறிருக்கு நீரில்லை,
கோட்டையிருக்கு ராஜா இல்லை என்று
வெளியூர்க்காரர்கள் அடுக்கும் கேலியில்
இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்:
காலிருக்கு, வழியில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
நான் நடைபாதைக்காகப் போகவில்லை.
கைப்பிடிச் சுவருக்குப் பெயிண்ட்,
செல்ஃபி எடுக்க, இதயம் போட்ட ஊர்ப்பெயர்.
ஒதுக்கிய பணம் அதற்குத்தான்.

அப்போதுதான் சம்பங்கி வந்தார்.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
குத்திய கையை மார்போடு மடித்து
மறு கையில் மஞ்சள் பை.
கம்பத்தின் நிழல் கயிற்றகலம்,
அதில் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்.
பிறகு இரும்பு இணைப்பருகே.
பிறகு நட்டநடுவில்.
“இங்க ஏன்யா?”
“காத்து வருதும்மா.
அடியில லாரி போறப்ப லேசா ஆடுது பாருங்க.”
சிரித்தார்.

குனிந்து, அவர் நின்ற மூன்று இடத்திலும்
சாக்பீஸால் வட்டம் போட்டேன்.
ஏன் என்று கேட்டால் அன்றைக்குத் தெரியாது.

மால்டாவிலிருந்து வந்த ஒருவர்
தாயின் தலைக்கு மேலே
எக்ஸ்ரே படத்தைக் குடையாகப் பிடித்திருந்தார்.
தன் நெஞ்செலும்பின் நிழலிலேயே
அந்த அம்மாள் நடந்தாள்.
நின்றாள். வட்டம்.

ஐந்தரைக்கு ஷூ கம்பெனி விட்டது.
இருவர் சேர்ந்து நடக்க இடமில்லாத பாலத்தில்
பேச்சும் வரிசையில்தான் போக வேண்டும்.
முன்னால் போனவள் ஜரீனாவின் கல்யாணத்தைச் சாலைக்குச் சொல்ல,
பின்னால் வந்தவள் அவள் சடையிடம் கேட்டுக்கொள்ள,
ஆறாவது ஆளுக்குப் போய்ச் சேர்வதற்குள்
மாப்பிள்ளை மாறிவிட்டார்.

இருட்டும்போது நாற்பத்தோரு வட்டம்.

“வண்டிக் கணக்கு எடுத்தியா?” என்றார் ஏகாம்பரம் சார்.
கால் கணக்கு இருக்கிறது என்றேன்.
“காலுக்குப் படிவம் கிடையாதேம்மா.”
கெட்ட மனுஷர் இல்லை.
யோசித்து, ஒரு வாரம் கொடுத்தார்.

தார் டிரம்மில் மணல் நிரப்பி
ஒரு வண்டித்தடத்தை நடப்பவர்களுக்கு ஒதுக்கினோம்.
குடியாத்தம் ரோட்டு நர்சரியிலிருந்து பச்சை வலை.
ஹாரனை மட்டுப்படுத்த மூங்கில் தட்டி,
நட்டநடுவில் மட்டும் தட்டி இல்லை, காற்றுக்காக.
டிப்போவில் துருவேறிக் கிடந்த பெஞ்சுகள்,
வட்டம் போட்ட இடங்களில்.

ஷேர் ஆட்டோ தேசிங்கு நாள் முழுக்கத் திட்டினார்.
மூன்றாம் நாள்
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு திட்டினார்.

கம்பெனிப் பெண்கள் மூவர் மூவராக வந்தார்கள்.
மாப்பிள்ளை யாரென்று தெளிவானது.
அந்த ஆள் சரியில்லை என்றும்.

வாரம் முடிந்ததும் அறிக்கை.
படிவத்தில் ஒரு கட்டம்:
‘பயண நேரத்தில் மிச்சம், நிமிடங்களில்.’
சம்பங்கி முன்பு பதினோரு நிமிடத்தில் பாலம் கடந்தார்.
இப்போது இருபத்தாறு.
இரண்டாவது பெஞ்சில் பை திறந்து கடலை தின்கிறார்,
நடுவில் நின்று லாரி எண்ணுகிறார்.
கழித்தல் குறி போட்டு
பதினைந்து என்று எழுதினேன்.

மேலே போன கோப்பு
சிவப்பு மையில் ஒற்றை வார்த்தையோடு திரும்பியது:
‘பிழையா?’

டிரம்களை இன்னும் யாரும் எடுக்கவில்லை.
இன்று செவ்வாய், அவர் வரும் நாள்.
பதிலை அங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்
என்றிருக்கிறேன்.