தளர்வான இயக்கங்கள்

‘இன்று எத்தனை தளர்வான இயக்கங்கள்?’
என்று முதல் நாள் போன் கேட்டபோது
அப்பாவை நினைத்துக்கொண்டேன்.
தாராவி முச்சந்தியில் கறுப்புச் சட்டையோடு
ஸ்டூல் போட்டுப் பேசிய மனிதர்.
அவர் இருந்த இயக்கம் தளர்ந்தது உண்மைதான்,
அதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதற்கு?
பூஜ்யம் என்று அழுத்தினேன்.
அழுத்திவிட்டு அன்றைக்கு நான்காவது தடவையாக
வாளியோடு பொதுக் கக்கூஸ் வரிசைக்கு ஓடினேன்.

பதினான்கு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு.
காலை எட்டு, இரவு எட்டு, போன் மணியடிக்கும்.
மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்காது,
பக்கத்து மிஷினில் பர்வீனுக்குக் கேட்கும்.
பெடலிலிருந்து காலை எடுக்காமல்
தண்ணீரை நீட்டுவாள்.

பிறகு ஐந்து முகங்கள் வரும்.
முதலாவது சிரிக்கும், கடைசி அழும்.
நான் சிரிக்கிறதையே தொட்டேன்.
வலி இல்லாமல் இல்லை.
அழுகிறதைத் தொட்டால் வரச் சொல்வார்கள்,
பரேல் போனால் ஒரு நாள் போகும்,
ஒரு நாள் என்றால் இருபத்திரண்டு பை,
பைக்குப் பதினெட்டு ரூபாய்,
கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
அதோடு, மருந்தையே நிறுத்திவிட்டால்?
அந்தப் பயத்துக்கு
ஐந்தில் எதுவும் பொருந்தவில்லை.

மூன்றாவது சுற்றில் உள்ளங்கை சிவந்து
சுட்ட கத்தரிக்காய்போல் உரிந்தது.
ஒரு காலை கட்டைவிரலை வைத்தேன்,
போன் திறக்கவில்லை.
துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன்.
‘அடையாளம் தெரியவில்லை’ என்றது.
முப்பத்தோரு வருஷம்
ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் தைத்தவளுக்குச்
சொந்தத் தோல் போயிருந்தது, ரேகையோடு.
ரேஷன் கடை மெஷினும் அதே வாரம்
யார் நீ என்றது.

மகன் நவநீதன் நான்கு எண் போட்டுத் திறந்தான்.
திறந்தவன் உள்ளே பார்த்துவிட்டான்:
நாற்பத்தாறு நாள், நாற்பத்தாறு சிரிப்பு.
ஒன்றும் சொல்லவில்லை.
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அப்புறம் போய்ப் பல் தேய்த்தான்,
வெகுநேரம்.

அன்று ஐந்தாவது முகத்தைத் தொட்டேன்.
விரல் மரத்திருந்தது,
தொட்டதைத் திரை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இருபது நிமிஷத்தில் நர்ஸ் ஷர்வரி கூப்பிட்டாள்.
அவள் இந்தி சுத்தம், என்னுடையது பம்பாய்.
வீடியோவில் கையைக் காட்டுங்கள் மௌஷி என்றாள்.
வெளிச்சத்துக்காகச் சந்தில் இறங்கி நின்று
இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன்.
ஆயுள் ரேகையைத் தேடாமல்
என் கையை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்,
டாக்டரிடம் பேசி அளவைக் குறைத்து
மறுபடி தொடங்குவோம் என்றாள்.
கைவிடமாட்டோம் என்று
தமிழில் நானே அர்த்தம் செய்துகொண்டேன்.
கையைப் பார்த்துக்கொண்டே பேசியதால் இருக்கலாம்.

ஜுலாப் எத்தனை முறை ஆகிறது என்று கேட்டாள்.
அந்த ஒரு சொல்லில்
அப்பாவின் இயக்கம் விளங்கிவிட்டது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
சொன்னேன், கறுப்புச் சட்டையிலிருந்து ஆரம்பித்து.
அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்,
ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

போன வாரம் மாற்றியிருந்தார்கள், வயிற்றுப்போக்கு என்று.
இப்போது ‘வாந்தி’க்குக் கால் விழுந்துவிட்டது,
‘வந்தி’ என்று நிற்கிறது.
அதையும் ஷர்வரியிடம் சொல்ல வேண்டும்.

கட்டைவிரலுக்கு இன்னும் திறக்கவில்லை.
நான்கு எண் போட்டுத்தான் நுழைகிறேன்.
பர்வீன் இந்த வாரம்
தினமும் நாலு பை கூடுதலாகத் தைத்து
என் பெயரில் வைக்கிறாள்.
சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தேன்.

இன்று மூன்றாவது முகம்.
சிரிப்பு இல்லை, அழுகை இல்லை,
வாய் ஒரு நேர்க்கோடு.
எட்டே முக்கால் வண்டியில்
சயானில் ஏறுகிற எல்லோருக்கும் அந்த வாய்தான்.
கம்பி குளிரும்,
முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறேன்.