மூன்று தண்ணீர்

பத்தூமியில் மழை யாரையும் கேட்டு வருவதில்லை.
துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்து நனைந்து நிற்க,
ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறேன்.
மாவைத் தட்டி, இரு ஓரமும் சுருட்டி,
முனைகளைக் கிள்ளி முறுக்கினால்
படகு.
நடுவில் சுலுகுனி சீஸ். இறக்கும்போது ஒரு முட்டை,
ஒரு துண்டு வெண்ணெய்.
கச்சாபுரி.

தேர்வில் தோற்ற பிள்ளைக்கு இதுதான்.
கப்பலை விட்டு இறங்கியவன்
வீட்டுக்குப் போகும் முன் கேட்பதும் இதுதான்.

லமாராவின் மகனுக்குக் கோதுமை ஆகாது.
சோளமாவு வளையாது, முறுக்கினால் விரிசல் விடும்;
தட்டையாகச் சுட்டுக் கொடுத்தேன்.
பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு,
"இது படகில்லை, கட்டுமரம்" என்றான்.
ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.
சுங்கச்சாவடி அன்சோரிக்குப் பல் கட்டும்வரை
ஓரத்தை எனக்கே விட்டுவிட்டு
நடுவைக் கரண்டியால் அள்ளுவார்.
நோன்பு மாதத்தில் ஃபத்மே
சூரியன் கடலில் விழும் நிமிடத்துக்குச் சரியாகச்
சூடு கேட்பாள்.
எல்லோருக்கும் வளைந்தேன்.
பெருமையாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

பிறகு என் வீட்டிலேயே ஒருவன் வந்தான்.

நோதார் கிரேனில் ஏற முப்பத்திரண்டு படி.
பத்தாவதில் உட்கார்ந்தான் என்று
வேறு யாரோ வந்து சொன்னார்கள்.
கணுக்கால் உப்பியிருந்தது.
நன்றாகப் புளித்த மாவில் விரல் வைத்தால்
குழி மெல்ல எழுந்து வரும்.
அவன் காலில் வைத்தேன்.
வரவில்லை.

டாக்டர் எதேரி சீட்டில் எழுதினார்: உப்பு வேண்டாம்.
கீழே இரண்டு கோடு.

சுலுகுனியே உப்புநீரில் பிறந்தது.
துண்டு போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்;
காலையில் தண்ணீர் மாற்றி, மாலையில் மறுபடி மாற்றி,
மூன்று தண்ணீர்.
வெந்தய இலை, கொத்தமல்லி, பூண்டு,
கொஞ்சம் அரைத்த வால்நட்,
என்னிடமிருந்த எல்லா ஏமாற்று வேலையும்.

கிழித்தான். தொட்டான். மென்றான்.
"உன் படகுக்குள் மழை வந்துவிட்டது, சியாலா."

அதற்குமேல் சண்டை போடவில்லை, அதுதான் பயம்.
வியாழக்கிழமை அவன் மழைக்கோட்டைத் துவைக்க எடுத்தபோது
பையில் வெண்ணெய்த்தாள்,
எதிர்க்கடைக்காரனின் முத்திரை,
மடிப்பில் ஒட்டிய மஞ்சள் கரு.
ஆத்திரம் முதலில் எதன்மேல் வந்தது தெரியுமா,
உப்பின்மேல் இல்லை.
எதிர்க்கடையின்மேல்.

தாளை மேசைமேல் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
மறுநாள் கையளவு படகு சுட்டேன்,
அவன் சின்னப் பையனாக இருந்தால் கொடுக்கும் அளவு.
முட்டையை மட்டும் பெரியதாகப் பார்த்து உடைத்தேன்.
சாப்பிட்டான்.
அடுத்த நாளும்.
ருசி என்று சொல்லவில்லை,
"நாளைக்கும் உண்டா" என்றான்.

பனி விலகும் மாதத்தில் ஒரு கல்யாண ஆர்டர், எண்பது படகு.
முதல் கச்சாபுரியை எப்போதும் நானே சாப்பிட்டுப் பார்ப்பேன்.
பார்த்தேன்.
துப்பினேன்.
கடல்.
ஓடிப்போய் சீஸ்காரனைத் திட்டினேன்.
அவன் கேட்டான்: "எப்போதும் போடுவதுதானே அக்கா?"

அப்போதுதான் குலிகோ கொஞ்ச நாளாக
சிறு காகிதப் பொட்டலத்தோடு வருவதும்,
நான் திரும்பியதும் தட்டின்மேல் எதையோ தூவுவதும்
உறைத்தது.
இத்தனை மாதம் என் கை
கடைக்கும் சேர்த்து நோதாருக்கே
சமைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
வாடிக்கைக்காரர்கள் பாவம்,
மரியாதைக்கு மென்றிருக்கிறார்கள்.

இப்போது மேசைக்கு மேசை உப்புக்கிண்ணம்.
கல்யாணத்துக்குக் கல்யாண உப்பு;
லமாராவின் மகன் ருசி பார்த்துச் சொல்கிறான்,
என் நாக்கை நம்புவதற்கில்லை.

கொல்லைப்படி ஓரம் புதினா பட்டுப்போயிற்று.
மழைக் குறைவா, இந்த ஊரிலா என்று
நோதார் குனிந்து வேரைக் கிளறினான்.
மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.
மூன்று தண்ணீரையும்
தினம் அங்கேதான் ஊற்றினேன்.

விரலில் தொட்டு, நாக்கில் வைக்கப் போனவன்
என்னைப் பார்த்தான்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.